அந்த அலைப் பின்னல் உன்னுடையது

முந்தாநாள் அச்சகத்திலிருந்து மெய்ப்புத்தாள் வந்தது. ஈரம்கூடக் காயவில்லை. மை வாசனை மேசையைச் சுற்றி நின்றது. உனக்கு இந்த வாசனை பிடிக்கும். "மண்ணெண்ணெயில முக்கின சாளை மீன் மாதிரி இருக்குட்டி" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே இன்னொரு தடவை மூக்கருகே கொண்டுபோவாய். அன்று பகல் முழுவதும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாருமே பக்கத்தில் வந்து மோந்து பார்க்கவில்லை.

நாம் லேஸ் பின்னும் ரேந்தை வீட்டின் ஆங்கில மாதிரிப் பட்டியல்தான். பழைய பட்டியலில் முகவரி திருவிதாங்கூர்-கொச்சி என்று இருக்கிறது. வருகிற நவம்பரில் நம் தாலுகாக்கள் மதராசோடு சேருகின்றன. அதனால் மறுபடியும் அச்சடிக்க வேண்டும். "முகவரி ஒண்ண மட்டும் மாத்து, மத்தது அப்படியே போட்டும்" என்று சூப்பிரண்டு அம்மாள் சொன்னார். நானும் அப்படித்தான் படித்துக்கொண்டு போனேன். பதினேழாவது உருப்படியில் கண் நின்றுவிட்டது.

கைக்குட்டை ஓரம், அலைப் பின்னல். அதற்கு முன்னால் சூப்பிரண்டு அம்மாளின் பெயர். பெயர் முடிகிற இடத்தில் மேலே அந்தச் சிறு குறி, பிறகு ஓர் எஸ். இன்னாருடைய அலை என்று அர்த்தம். இலக்கணப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாது. குறி இருக்க வேண்டிய இடத்தில் துல்லியமாக இருந்தது. முதல் பட்டியலில் அச்சுக்கோப்பவர் அதை விட்டிருந்தார். சிவப்பு மையால் அதைப் போட்டு, ஓரத்தில் ஒரு கோடும் இழுத்துத் திருப்பி அனுப்பியவள் நான்.

வருகிற ஐப்பசியோடு நீ போய் ஒரு வருஷம்.

நீ முதன்முதலாக அந்தக் குறியைக் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு எல்லாரும் சுவரில் சாய்ந்திருந்தார்கள். லேஸ் பின்னும் முப்பது தலையணைத் திண்டுகளும் மடியிலிருந்து இறங்கிக் கிடந்தன. காலையிலிருந்து ஓயாமல் கேட்கும், நூல் சுற்றிய குச்சிகளின் சத்தம் நின்று, கூடத்தில் ஓர் அமைதி. நீ என் மேசைக்கு வந்து பட்டியலின் மேல் விரலை வைத்தாய்.

"ஏட்டி, இதென்ன, எழுத்துக்கு மேல ஒரு தூண்டி முள்ளு தொங்குகு?"

"அதுக்கு அபாஸ்ட்ரபின்னு பேரு."

"என்னது?"

"அபாஸ்ட்ரபி."

"பேரே வாயில நிக்கமாட்டேங்குது. இது எதப் பிடிக்கும்?"

நான் பெருமையோடு விளக்கினேன். இன்னாருடையது என்று சொல்ல வேண்டுமானால் பெயருக்குப் பின்னால் இந்தக் குறி, அதன் பின்னால் எஸ். பலபேருடையது என்றால், பெயரே எஸ்ஸில் முடிவதால் குறி கடைசியில் போகும். ஒரு பெண்ணின் சட்டை வேறு, பெண்களின் சட்டை வேறு. குறி ஓர் எழுத்து இந்தப்பக்கம் வந்தால் சட்டை ஒருத்திக்கு, அந்தப்பக்கம் போனால் எல்லாருக்கும்.

நீ அந்தக் குறியை நகத்தால் ஒரு தடவை கீறிப் பார்த்தாய். பிறகு, "அப்பம் என்னோடதுன்னு சொல்லணும்னா முள்ளு எங்க போடணும்?" என்று கேட்டாய்.

"அதுக்கு முள்ளு வேண்டாம். மைன். அவ்வளவுதான்."

"மைன்" என்றாய். திண்டை மடியில் எடுத்து வைத்தும், குச்சிகளைப் பிரித்தும், ஊசியைக் குத்தியும் அன்றெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாய். பக்கத்துத் திண்டிலிருந்த ஞானப்பூ அக்கா எரிச்சலடைந்தாள். "இந்தப் பிள்ளைக்கு என்னட்டி, மைனா கடிச்சிட்டா?" கூடமே சிரித்தது. நீயும் சிரித்தாய், ஆனால் சொல்வதை நிறுத்தவில்லை.

நான் அந்த வீட்டில் ஒரே குமாஸ்தா. ஆங்கிலம் தெரிந்தவர்கள் சூப்பிரண்டு அம்மாளும் நானும்தான். அம்மாளுக்குப் பேச வரும், எழுத என்னைத்தான் கூப்பிடுவார். இன்டர்மீடியட் பாதியில் நின்றுபோனவளுக்கு அது ஒரு சிம்மாசனம் மாதிரி. வாசகசாலையிலிருந்து எடுத்து வந்த புத்தகங்களை மேசை இழுப்பறையில் வைத்துப் படிப்பேன். நீ என்னைக் "கிளார்க்கம்மா" என்று கூப்பிடும்போது அதில் பாதி கேலி, பாதி மரியாதை. அந்த மரியாதைப் பாதிக்காகக் கேலியைப் பொறுத்துக்கொண்டேன் என்று இப்போது தெரிகிறது.

கோட்டாற்று அச்சகத்துக்கு நாம் இருவரும் போனோமே, அந்தக் குறிகளுக்காகச் சண்டை போட. முதல் மெய்ப்பில் வேண்டாத இடத்திலெல்லாம் குறி இருந்தது, வேண்டிய இடத்தில் இல்லை. கைக்குட்டைகள் என்று பன்மை வரும் இடத்தில் எல்லாம் ஒரு குறி. அச்சுக்கோப்பவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மக்கா, இந்த ஒத்தக் கொம்பு எங்ககிட்ட நாலஞ்சுதான் உண்டு. தீந்துபோச்சுன்னா கமாவத் தலைகீழா நிறுத்தணும். அது நிக்கமாட்டேங்குது. நான் என்ன செய்யட்டும்?"

"இல்லாத எடத்துல எதுக்கு வச்சீரு?"

"வெறுமையா கெடந்துது. அழகுக்கு ஒண்ணு இருக்கட்டேன்னுதான்."

நீ வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாய். தெருவில் நின்று சிரித்து முடித்துவிட்டு உள்ளே வந்து அவரிடம் சொன்னாய்: "அண்ணே, ஒருத்தி சாமானத்த இன்னொருத்திக்கு எழுதி வச்சா எங்க ஊர்ல சட்டி பறக்கும். பாத்து வையும்."

அதைச் சொன்னவள் நீ.

அலைப் பின்னல் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். நானும் பார்த்தேன். முட்டத்தில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகளில் உட்கார்ந்திருந்தோம். எல்லாரும் அலை ஏறுவதைப் பார்த்தார்கள். நீ அது இறங்குவதைப் பார்த்தாய். அலை திரும்பிய பிறகு பாறையின் சொரசொரப்பில் தண்ணீர் நூல் நூலாகப் பிரிந்து, ஓரிடத்தில் சேர்ந்து, மறுபடி பிரிந்து வடிந்தது. "பாத்தியா, குச்சி மாறுகது மாதிரியே மாறுகு" என்றாய். வீட்டுக்குப் போய்க் கரித்துண்டால் பழைய காலண்டரின் பின்னால் வரைந்தாய். மூன்று மாதம் அதை அழித்து அழித்து வரைந்து, பின்னலுக்கு வழிகாட்டும் துளை அட்டைக்குக் கொண்டுவந்தாய்.

பிறகு நம் வழக்கம் வந்தது. புதிய அட்டையில் ஊசித் துளைகள் போடுவதற்கு முன்னால் சூப்பிரண்டு அம்மாள் ஜெபம் செய்து முதல் குத்தைக் குத்துவார். இது யாரும் போட்ட சட்டம் அல்ல. பின்னுகிற நீங்களாகவே வைத்துக்கொண்ட மரியாதை. நீ எப்படி ஓடினாய்! அட்டையை இரண்டு கையாலும் ஏந்தி, "அம்மா, மொதக் குத்து நீங்க குத்தணும்" என்று ஊசியை நீட்டினாய். அவர் கண்ணை மூடி, வாய்க்குள் ஏதோ சொல்லி, மூலையில் ஒரு துளை போட்டார். மீதியுள்ள ஆயிரக்கணக்கான துளைகளை நீ போட்டாய். அந்த ஒரு துளைதான் எல்லாவற்றையும் விழுங்கியது.

சூப்பிரண்டு அம்மாளைத் திருடி என்று நான் சொல்ல மாட்டேன். நீ காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் புட்டியோடு வந்து உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். உன் அடக்கத்தில் வாய்விட்டு அழுதார். ஆனால் தன் கையால் தொடங்கியது தன்னுடையது என்று அவர் மனதார நம்பினார். மாதிரி அட்டைகள் எல்லாம் அவர் அலமாரியில், அவர் பெயரில் இருந்தன. ஞானப்பூ அக்காவின் ரோஜாவும், தேவகி வரைந்த மாங்காயும் அப்படித்தான் போயின. யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. கும்பிட்டுக் கொடுத்ததை எப்படித் திருப்பிக் கேட்பது? திருடனிடமாவது கத்திக் கேட்கலாம். மரியாதையாகக் கொடுத்ததைக் கேட்டால் கேட்டவள்தான் கெட்டவள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிகிறது.

அந்த வருஷம் நினைவிருக்கிறதா? இந்த மண் யாருடையது என்று ஊரே கத்திக்கொண்டிருந்தது. கொடி, ஊர்வலம், கடையடைப்பு. எங்கள் தெருவில் பத்து வயதுப் பிள்ளைகள்கூட "எங்கள் தாலுகா" என்று கோஷம் போட்டன. அந்தச் சத்தம் ஓய்ந்த சில மாதங்களில்தான் தில்லியிலிருந்து கைத்தொழில்களைப் பார்க்க அந்த அதிகாரி அம்மாள் வந்தார். வெள்ளைக் கதர்ச் சேலை, குட்டையாக வெட்டிய முடி. கூடத்தில் ஒவ்வொரு திண்டாக நின்று பார்த்தார். உன் திண்டுக்கு முன்னால் குனிந்தவர் நிமிரவே இல்லை. விரல் நுனியால் அலையைத் தொட்டார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார்: இது யாருடைய மாதிரி?

சூப்பிரண்டு அம்மாள் எனக்கு வலப்பக்கம். நீ கீழே, திண்டை மடியில் வைத்து. கேள்வியை நான் தமிழில் சொல்வதற்கு முன்பே உனக்குப் புரிந்துவிட்டது. 'யாருடைய' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை நான்தான் உனக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். நீ எழுந்து நின்றாய். குச்சிகள் சிதறின. நெஞ்சில் கையை வைத்து, தெளிவாக, ஒரு சொல்தான் சொன்னாய்.

"மைன்."

அந்த அம்மாள் முகம் மலர்ந்து என் பக்கம் திரும்பினார். இவளே வரைந்ததா என்று கேட்டார்.

கூடத்தில் ஒரு குச்சிகூட அசையவில்லை. சூப்பிரண்டு அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை, என்னைத் தொடக்கூட இல்லை. சும்மா நின்றார். நான் அழகான ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். இந்தத் துண்டைத் தான் பின்னியதாகச் சொல்ல வருகிறாள். இவளுக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது, சொல்லைத் தவறாகப் போட்டுவிட்டாள். மாதிரி சூப்பிரண்டு அம்மாளுடையது.

வாக்கியத்தில் ஒரு பிழை இல்லை. அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு, சூப்பிரண்டு அம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நீ உட்கார்ந்து குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாய்.

சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்துக்கு நாம் நடந்தோம். மணிமேடை தாண்டியதும் நீ கேட்டாய்.

"ஏட்டி, நான் சொன்னது தப்பா?"

"தப்பில்ல."

"சொல்லு சரிதான?"

"சரிதான்."

"பின்ன?"

முட்டம் பஸ் வந்துவிட்டது. எனக்கு அது வந்ததில் நிம்மதி. நீ ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், "நல்லாப் படிச்சிருக்க, கிளார்க்கம்மா" என்றாய். அந்த முறை அதில் மரியாதைப் பாதி இல்லை.

ஒரு மாதம் கழித்து நீ மறுபடி பேசினாய். மீன்குழம்பு கொண்டுவந்தாய், ஞானப்பூ அக்காவைப் போல நடித்துக் காட்டினாய். அந்த நாளைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. இன்னொன்றும் இல்லாமல் போயிற்று: அதற்குப் பிறகு நீ ஒரு புதிய அட்டையும் கொண்டுவரவில்லை. சூப்பிரண்டு அம்மாள் இரண்டு முறை கேட்டார். "ஒண்ணும் தோணமாட்டேங்குது அம்மா" என்றாய். தோன்றாமலா இருந்தது? உங்கள் வீட்டுக் காலண்டர்களின் பின்பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. நீ கத்தியிருக்கலாம். கோட்டாற்று அச்சகத்தில் சொன்னாயே, சட்டி பறக்கும் என்று. ஒரு சட்டியையாவது என் தலைமேல் எறிந்திருக்கலாம்.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். மெய்ப்பை எடுத்துக்கொண்டு சூப்பிரண்டு அம்மாளிடம் போனேன்.

"அம்மா, பதினேழாம் நம்பர்ல ஒரு திருத்தம் உண்டு."

"என்ன திருத்தம்? போன தடவ நீதானே பாத்த?"

"அது அவ வரைஞ்சது. அவ பேரு வரணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பிள்ளே, மொதக் குத்து ஆரு குத்துனா?"

"நீங்க."

"ஜெபம் பண்ணித் தொடங்கினது ஆரு?"

"நீங்கதான்."

"பின்ன என்ன?"

"ஞானஸ்நானம் குடுத்தா பாதிரியாரு பிள்ளைக்கு அப்பனாயிருவாரா அம்மா?"

இப்படி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வரும் என்று எனக்கே தெரியாது. அது உன் வாயிலிருந்து வரக்கூடியது. அம்மாளின் முகம் சிவந்துபோயிற்று. கூடத்தில் குச்சிச் சத்தம் குறைந்தது. கேட்கிறார்கள் என்று தெரிந்தது.

"நாக்க அடக்கு. எல்லாரும் அப்பிடித்தான் குடுத்துருக்கா. ஒருத்தியும் ஒண்ணும் சொன்னதில்ல."

"ஒருத்தி சொன்னா. நான்தான் அத மாத்திச் சொன்னேன்."

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு குரல் தணிந்து, "செத்துப்போன பிள்ள. இப்பம் பேரு போட்டா அவளுக்கு என்ன கிட்டும்? என்னைய எதுக்குக் கேவலப்படுத்துக? பழையபடியே போட்டும், போ" என்றார்.

போனேன். கோட்டாற்றுக்குத்தான். வழியில் தபால் பெட்டியின் மேல் தாளை வைத்து, சூப்பிரண்டு அம்மாளின் பெயரை அடித்துவிட்டு உன் பெயரை எழுதினேன். குறியையும் எஸ்ஸையும் அப்படியே விட்டேன். உடையவள் உயிரோடு இருக்கிறாளா என்று அந்தக் குறி கேட்பதில்லை.

அச்சுக்கோப்பவர் பார்த்தார். "பேரு மாறியிருக்கே. அம்மாகிட்ட கேட்டாச்சா?"

"கேட்டேன்."

கேட்டது உண்மை. பதில் என்ன என்று அவர் கேட்கவில்லை. என் எதிரிலேயே உன் பெயரை எழுத்தெழுத்தாகக் கோத்தார். முடியும்வரை நான் நகரவில்லை. இந்த மடலில் உன் பெயரை நான் எழுதவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஈயத்தில் நிற்கிறது.

இன்று ஞாயிறு. காலை பஸ்ஸில் முட்டம் வந்தேன். சந்தோஷச் செய்தி கொண்டுபோகிறவள் மாதிரி வந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உன் அம்மை வாசலில் மீன் கொண்டுபோகும் ஓலைக் கடவத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஆரு? கிளார்க்குப் பிள்ளையா? இரி."

சொன்னேன். உன் பெயர் புத்தகத்தில் வரப்போகிறது. மதராசுக்கும் கப்பலேறி வெளிநாட்டுக்கும் போகும். அந்த அலை இனி உன்னுடையது என்று அச்சில் இருக்கும். உன் அம்மை கடவத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"அவ பேரா?"

"ஆமா."

"இப்பமா?"

நான் தலையை ஆட்டினேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அண்ணைக்கி அந்த வெள்ளச்சேலக்காரி கேக்கும்போ நீ பக்கத்துலதான நிண்ண? அவ வந்து பறஞ்சா. 'நான் சொன்னது சரியாத்தான் இருந்துது அம்மா, அவதான் மாத்திப்போட்டா'ன்னு. ஒரு ஆழ்ச்ச, ஏழு நாளு, சோறு எறங்கல்ல அவளுக்கு. எதுக்குப் பிள்ள மாத்துன?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கேட்டாள். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள், இன்னும் ஏதாவது வரும் என்று. பிறகு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போ மக்கா" என்றாள்.

திரும்பி வந்து இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை பட்டியல் கட்டுகள் வந்து இறங்கும். சூப்பிரண்டு அம்மாள் பிரிப்பார். அதற்குப் பிறகு எனக்கு அந்த மேசை இருக்காது என்றுதான் நினைக்கிறேன். அதைப்பற்றிக் கவலையில்லை என்று எழுதினால் பொய்.

ஆனால் உன் அம்மையிடம் நான் சொன்னது பாதிதான். அன்று அந்தக் கேள்வி என்னிடம் வந்தபோது பயம் இருந்தது உண்மை. பயத்தைவிட முன்னால் வந்து நின்றது வேறொன்று. கூடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க, தில்லி அம்மாளுக்கு முன்னால், உன் ஆங்கிலத்தைத் திருத்துவது எனக்குப் பிடித்திருந்தது. சரியாகச் சொன்ன உன்னைத் திருத்த, அந்த ஒரு நிமிஷம், எனக்குப் பிடித்திருந்தது.

உன் அம்மை காத்திருந்தது இதற்குத்தான். வருகிற ஞாயிறு மறுபடியும் முட்டம் போவேன், இதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல.